பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்தில் சாம்பல்தலை மீன்கழுகு: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

பரம்பிக்குளம் அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது; அதை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாட்டு நீர்வளத் துறை; அணைக்கு வண்டியில் செல்லும் சாலையோ பொள்ளாச்சியில் புறப்பட்டு, தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைக் கடந்த பிறகுதான் கேரளத்தின் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிறது. ஒரு மீன்கழுகைப் பார்க்க வேண்டும் என்ற எளிய ஆசையோடு கிளம்புபவரை அலைக்கழிப்பது இந்த முக்கோண ஏற்பாடுதான். எந்தச் சீட்டு எந்த இடம் வரை செல்லும், எந்த நேரத்துக்குச் செல்லும் என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் நான் சோதனைச் சாவடிக்கும் அலுவலகத்துக்கும் அலைந்து தெரிந்துகொண்டவற்றை, அடுத்து வருபவர்களுக்குப் பயன்படட்டும் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

யானையோ புலியோ பார்க்கப் போகிறவர்களுக்கு இது எழுதப்படவில்லை. அவர்களுக்கு நாள்சீட்டும் வனத்துறை வண்டியும் போதும். சாம்பல்தலை மீன்கழுகைத் தேடுபவருக்கு விடியற்காலையில் நீர்க்கரையில் இருக்கும் உரிமை வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த ஒன்றைப் பெறுவதற்காகவே.

1. எந்த நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மலையடிவாரத்திலுள்ள சேத்துமடைச் சாவடி முதல், ஆனைமலைக் காப்பகத்தின் சுற்றுலா மையமான டாப்சிலிப்பைத் தாண்டும் வரை நீங்கள் தமிழ்நாட்டு வனத்துறையின் எல்லையில் இருக்கிறீர்கள். அங்கே வாங்கும் நுழைவுச் சீட்டு அந்தச் சாலைக்கும் டாப்சிலிப் பகுதிக்கும் மட்டுமே உரியது. அதன்பின் வரும் ஆனப்பாடிச் சாவடியில் கேரள வனத்துறை தனியாகச் சீட்டு கொடுக்கும், தனியாகக் கட்டணம் வாங்கும். ஒரு சீட்டைக் காட்டி மற்றொன்றைத் தவிர்க்க முடியாது. டாப்சிலிப்பில் அறை கிடைத்துவிட்டது, அங்கிருந்து அணைக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைப்பது புதியவர்கள் அடிக்கடி சிக்கும் பொறி. டாப்சிலிப் அறையைக் கொடுப்பது தமிழ்நாட்டு வனத்துறை. அந்த அறையில் தங்குபவர் பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்தைப் பொறுத்தவரை காலையில் பொள்ளாச்சியிலிருந்து வருபவருக்குச் சமமானவரே.

மூன்றாவது தரப்பு நீர்வளத் துறை. அணைக்கட்டு, மதகுகள், அவற்றைச் சுற்றியுள்ள குடியிருப்புகள் ஆகியவை அவர்களின் பொறுப்பில் உள்ளன. வனத்துறைச் சீட்டு உங்களை அணையின் மேல் நடக்க அனுமதிப்பதில்லை. அணையின் மேலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பு முழுவதும் தெரியுமே என்று காவலரிடம் வாதிடுவதால் பயனில்லை. அங்கிருந்து பார்ப்பது மீன்கழுகுக்கு உகந்த இடமும் அன்று, ஏனெனில் கரையோர மரங்கள் அங்கிருந்து வெகு தொலைவில் இருக்கின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சுற்றுலா, படமெடுத்தல், அறிவியல் ஆய்வு என்று நுழைவுக்கான காரணங்களைத் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. நீங்கள் வாங்குவது சுற்றுலா அனுமதி. அது சுற்றுலாவுக்கென ஒதுக்கிய சாலைகள், தடங்கள், தங்குமிடங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே செல்லும். பறவைக் கணக்கெடுப்பு, கூடு பற்றிய ஆய்வு, ஆவணப்படம் என்று ஏதேனும் உங்கள் எண்ணத்தில் இருந்தால் அது கேரளத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டிய வேறு அனுமதி. சாவடியில் கேட்டுப் பெறக்கூடியது அன்று.

2. மாதத்தையும் நீர்மட்டத்தையும் பார்த்துத் தேதி குறியுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இங்கே வலுவாகப் பெய்யும். அட்டை கடிக்கும், மேகம் இறங்கிவிடும், தெப்பப் பயணங்கள் அறிவிப்பின்றி நிறுத்தப்படும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின் பிற்பகல் மழைகள் உண்டு. மார்ச்சுக்குப் பிறகு காட்டுத்தீ அபாயம் காரணமாகக் காப்பகத்தை மூடும் அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். புலிக் கணக்கெடுப்பின் போதும் தடங்களை மூடுவார்கள்.

ஆகவே டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி முற்பகுதி வரையான காலத்தையே நான் பரிந்துரைப்பேன். வானம் தெளிந்திருக்கும். அதைவிட முக்கியமாக, இந்தியாவில் இந்தப் பறவை குளிர்காலத்தை ஒட்டியே இனப்பெருக்கம் செய்கிறது. அப்போது இணைகள் விடியற்காலையில் ஒன்றையொன்று அழைத்துக் குரலெழுப்பும். பெரும்பாலான நேரம் அசையாமல் அமர்ந்திருக்கும் பறவை என்பதால், குரல் கேட்கும் பருவத்தில் போவது பாதி வேலையை முடித்துவிடும்.

நீர்மட்டத்தையும் கவனியுங்கள். அணையின் முழு நீர்மட்டம் 72 அடி. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணைகளில் அன்றன்றைக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொள்ளாச்சி, கோவைப் பதிப்பு நாளிதழ்கள் வெளியிடுகின்றன. அணை நிரம்பித் ததும்பும் நாட்களில் நீர் காட்டின் ஓரம் வரை ஏறிவிடுவதால் கழுகு இலை அடர்ந்த கிளைகளுக்குள் அமர்ந்துகொள்ளும், கண்டுபிடிப்பது கடினம். மட்டம் ஓரளவு இறங்கியபின் நீரில் நிற்கும் பட்ட மரங்கள் வெளியே தெரியும். அவற்றின் உச்சியில் அமர்ந்து மீனை நோட்டமிடும்போது தொலைவிலிருந்தே காணலாம். மிகவும் வற்றிவிட்டாலோ நீர் விளிம்பு சாலையையும் தங்குமிடங்களையும் விட்டு வெகுவாக விலகிவிடும், தெப்பமும் ஓடாது. திருப்பூர், கோவை மாவட்டப் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்து சில வாரங்கள் கழித்துச் செல்வது நல்லது என்பது என் கணிப்பு.

3. நாள்சீட்டா, இரவுத் தங்கலா என்பதை முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

நாள்சீட்டில் வருபவர் சேத்துமடையில் கதவு திறந்த பிறகு மலையேறி, டாப்சிலிப்பைக் கடந்து, ஆனப்பாடியில் வரிசையில் நின்று, வனத்துறை வண்டியில் இடம் கிடைத்துப் புறப்படுவதற்குள் வெயில் ஏறியிருக்கும். அந்த வண்டி தூணக்கடவு, காட்சிமுனைகள், கன்னிமாரா என்னும் பழமையான தேக்கு மரம், பரம்பிக்குளம் என்று வழக்கமான இடங்களில் சில நிமிடங்கள் மட்டும் நிற்கும். உடன் வருபவர்கள் யானையைத் தேடுவார்கள். ஒரு பட்ட மரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்கலாமா என்று ஓட்டுநரிடம் கேட்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும். மாலை 6 மணிக்குள் வெளியேறியாக வேண்டும் என்பதால் அந்தி நேரமும் கைநழுவிவிடும். இந்த வண்டிப் பயணத்தில் மீன்கழுகைப் பார்த்தவர்கள் உண்டு, ஆனால் அது அதிர்ஷ்டம்.

இரவு தங்குபவருக்கு அந்தியும் விடியலும் கிடைக்கின்றன. கேரள வனத்துறை பரம்பிக்குளம் புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளை வழியாகப் பலவகைத் தங்குமிடங்களை நடத்துகிறது. அவற்றில் எது நீரை ஒட்டியது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி. ஆனப்பாடியிலுள்ள கூடாரங்களும் அறைகளும் வசதியானவை, குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஏற்றவை. ஆனால் அவை காட்டுக்குள் இருக்கின்றனவே தவிர பெரிய நீர்ப்பரப்பின் கரையில் இல்லை. அங்கே தங்கினால் இருவாச்சியும் மரங்கொத்தியும் எளிதாகக் கிடைக்கும், மீன்கழுகுக்கு மறுபடி வண்டியை நம்ப வேண்டும். தூணக்கடவுப் பக்கத்து மரவீடு நீருக்கு அருகில் உள்ளது. பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்திலுள்ள வீட்டிக்குன்னுத் தீவுக் குடிலும் பெருவாரிப்பள்ளம் நீர்த்தேக்கத்திலுள்ள தீவுக் குடிலும்தான் பறவை பார்ப்பவருக்குச் சிறந்தவை: துடுப்புப் படகில் கொண்டுபோய் விடுவார்கள், சுற்றிலும் நீர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரையோர மரங்கள். மின்விளக்கு, வெந்நீர், கழிப்பறை வசதிகளில் பெரிதாக எதிர்பார்க்காதவர்களுக்கே இது பொருந்தும். முதியவர்களை அழைத்துச் செல்ல நான் யோசிப்பேன்.

சேத்துமடை, ஆனைமலை வட்டாரத்துத் தனியார் விடுதிகள் சில, பரம்பிக்குளத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து விளம்பரம் செய்கின்றன. அவை காப்பகத்துக்கு வெளியே இருப்பவை. அங்கே தங்கினாலும் காலையில் சாவடியில் எல்லோரோடும் வரிசையில்தான் நிற்க வேண்டும். விடியலிலேயே உள்ளே கூட்டிப்போகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

4. முன்பதிவு செய்யும் முறை

பரம்பிக்குளம் காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் தங்குமிடத் தொகுப்புகளுக்கு முன்பதிவு செய்யலாம். இடைத்தரகர் வழியாகப் போகாதீர்கள். எனக்கு அறிமுகமான ஒரு முகவர் நீர்க்கரைக் குடில் என்று சொல்லிப் பணம் வாங்கி, கடைசியில் ஆனப்பாடிக் கூடாரத்தின் சீட்டை நீட்டினார். சீட்டில் தங்குமிடத்தின் பெயர் என்ன என்று பார்த்த பிறகே பணத்தை முழுவதுமாகக் கொடுப்பது என்ற பழக்கம் இருந்தால் இத்தகைய ஏமாற்றம் நேராது.

சனி, ஞாயிறு, பொங்கல், தீபாவளி, ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறை நாட்கள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். வேலைநாளில் வர முடிந்தவர்களுக்கு இடமும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். தீவுக் குடில்களை ஆளுக்கு ஒரு கட்டில் என்று எடுக்க முடியாது, குழுவாகத்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஆட்களை முதலில் திரட்டிக்கொண்டு பிறகு தேதி பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் தகவல் மையத்துக்குத் தொலைபேசியில் பேசி மூன்று செய்திகளை உறுதி செய்யுங்கள். தொகுப்பில் தெப்பப் பயணம் உண்டா, அது காலையிலா மாலையிலா என்பது முதலாவது. காலை நடைக்கு எந்தத் தடம் என்பது இரண்டாவது. நீர்க்கரைத் தடத்தில் அழைத்துப் போகும் வழிகாட்டி வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். அந்தத் தேதியில் மூடல் அறிவிப்பு ஏதேனும் எதிர்பார்க்கப்படுகிறதா என்பது மூன்றாவது. அங்கே பேசுபவர்கள் பெரும்பாலும் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்கள். நாம் தமிழிலேயே பேசலாம்.

5. எடுத்துச் செல்ல வேண்டிய ஆவணங்கள்

குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் புகைப்பட அடையாள அட்டையின் அசல் வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் ஒன்று போதும். கைப்பேசியில் உள்ள படத்தைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். சாவடியில் அலைபேசிச் சமிக்ஞை கிடைக்காதபோது செயலியும் திறக்காது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலிருந்து வரும் உறவினர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் அசலாக இருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கான கட்டணம் வேறு என்பதால், முன்பதிவிலேயே குடியுரிமையைச் சரியாகக் குறிப்பிடுங்கள்.

முன்பதிவுச் சீட்டை இரண்டு பிரதிகள் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று சேத்துமடையில் காட்டுவதற்கு, மற்றொன்று ஆனப்பாடியில் கொடுப்பதற்கு. தங்குபவர் என்பதற்கான சான்று கையில் இருந்தால் தமிழ்நாட்டுச் சாவடியில் கேள்விகள் குறையும்.

சொந்த வண்டியில் வருபவர்கள் பதிவுச் சான்றிதழ், காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். இரண்டு சக்கர வண்டிகளுக்கு இந்தச் சாலையில் அனுமதி இல்லை. வாடகை வண்டி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி, பெரும்பகுதி தமிழ்நாட்டுச் சாலையிலேயே போனாலும், முடிவில் நீங்கள் கேரளத்துக்குள் செல்கிறீர்கள். மஞ்சள் பலகை வண்டிக்கு அதற்குரிய அனுமதி இருக்கிறதா, இல்லையெனில் அந்தச் செலவு யாருடையது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். வழியில் நின்று பேசினால் உங்கள் தலையில்தான் விழும்.

6. செலவுக் கணக்கு

கட்டணங்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால் எண்களை இங்கே எழுதினால் அடுத்த ஆண்டே பொய்யாகிவிடும். எதற்கெல்லாம் பணம் வாங்குவார்கள் என்பதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஆளுக்கும் வண்டிக்கும் நுழைவுக் கட்டணம். கேரளப் பக்கத்தில் மறுபடியும் ஆளுக்கும் வண்டிக்கும் கட்டணம். புகைப்படக் கருவிக்குத் தனியாக ஒன்று, காணொளிக் கருவிக்கு அதைவிடக் கூடுதலாக ஒன்று. இவற்றைத் தவிர, தங்குமிடத் தொகுப்பு.

தொகுப்பின் விலையைப் பார்த்ததும் திகைக்காதீர்கள். பெரும்பாலான தொகுப்புகள் இரண்டு பேருக்கானவை. உணவு, வழிகாட்டி, வனத்துறை வண்டிப் பயணம், நடை, தெப்பம் ஆகியவற்றை உள்ளடக்கியவை. நாள்சீட்டில் வந்து இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கி, பொள்ளாச்சியில் விடுதிக்கும் பணம் கொடுத்து, மறுநாள் காலை மீண்டும் மலையேறும் செலவையும் கூட்டிப் பார்த்தால் வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருக்காது. மூன்றாவது, நான்காவது ஆளுக்கான கூடுதல் கட்டணம் எவ்வளவு, வரி சேர்ந்ததா சேராததா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரொக்கம் அவசியம். ஆனைமலையைத் தாண்டிவிட்டால் பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்ப முடியாது. கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றம் சமிக்ஞையின் தயவில் இருக்கிறது. கருவிக் கட்டணம், தேநீர், படகோட்டிக்கும் வழிகாட்டிக்கும் அன்பளிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் சிறு நோட்டுகளாக வைத்திருங்கள்.

இருநோக்கி இல்லாதவர்கள் புகைப்படக் கருவிக்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு நல்ல 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்ட) இருநோக்கியை வாங்குங்கள். 10 மடங்கு பெரிதாக்குவது கவர்ச்சியாகத் தோன்றும், ஆனால் தெப்பத்தின் ஆட்டத்தில் 8 மடங்கே கைக்கு அடங்கும். தீவுக் குடிலில் தங்குபவர்களுக்குத் தொலைநோக்கியும் முக்காலியும் பெரும் பயன் தரும்; வனத்துறை வண்டியில் செல்பவர்களுக்கு அவை சுமை.

7. பொள்ளாச்சியிலிருந்து ஆனப்பாடி வரை

எரிபொருளைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து டாப்சிலிப் சுமார் 37 கிலோமீட்டர். சேத்துமடைச் சாவடிக்குப் பிறகு சாலை குறுகலானது, கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. அரசுப் பேருந்தும் பொள்ளாச்சியிலிருந்து பரம்பிக்குளம் வரை காலையிலும் பிற்பகலிலும் செல்கிறது. உள்ளே வசிக்கும் பழங்குடி மக்களும் அணை ஊழியர்களும் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். பேருந்தில் வருபவரும் ஆனப்பாடியில் இறங்கிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பேருந்துச் சீட்டு நுழைவுச் சீட்டாகிவிடாது.

சாவடியில் பைகளைச் சோதிப்பார்கள். நெகிழிப் பைகள், ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர்க் குப்பிகள், மது ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எவர்சில்வர் தண்ணீர்ப் பாத்திரம் கொண்டுவருபவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஆளில்லாப் பறக்கும் கருவியைக் காரின் பின்பக்கத்தில் வைத்திருந்தாலே வம்பு.

தங்குபவர்கள் நண்பகலுக்குள் ஆனப்பாடியை அடைந்துவிடுவது நல்லது. பதிவு, மதிய உணவு, தங்குமிடம் சேருதல் எல்லாம் முடிந்து மாலை வெளிச்சம் இருக்கும்போதே நீர்க்கரைக்குப் போக முடியும். தாமதமாக வந்தால் யானைகள் நடமாடும் நேரம் என்று சொல்லி அன்றைய நடையை நிறுத்திவிடுவார்கள், அவர்கள் சொல்வது நியாயமும்கூட.

8. நீர்க்கரையில் தேடும் முறை

வந்தவுடன் வழிகாட்டியிடம் உங்கள் நோக்கத்தைச் சொல்லிவிடுங்கள். இங்கே வழிகாட்டிகள் காடர், மலசர், மலைமலசர், முதுவர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். எந்த மரத்தில் கழுகு உட்காரும் என்பது அவர்களுக்குத் தெரியும், ஆனால் கேட்காத பயணியிடம் சொல்ல மாட்டார்கள், ஏனெனில் வருபவர்களில் பெரும்பாலோர் கேட்பது புலியைத்தான். அண்ணா என்று அழைத்து, படம் இருந்தால் காட்டி, நேற்றும் முன்தினமும் எங்கே பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

விடியலுக்கு முன்பே எழுந்து, குடிலின் திண்ணையில் அமர்ந்து முதலில் காதைத் தீட்டுங்கள். மீன்கழுகின் குரல் கூரானது அன்று. கனத்த, கரகரத்த, தொலைவிலிருந்து கேட்டால் ஆந்தையோ என்று ஐயுறவைக்கும் கூவல். குரல் வந்த திசையைக் குறித்துக்கொண்டு, வெளிச்சம் வந்ததும் அந்தக் கரையோரத்தை இருநோக்கியால் இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். வானத்தைப் பார்க்காதீர்கள். இந்தப் பறவை வட்டமிட்டு உயரப் பறப்பது அரிது. நீர்மேல் நீண்ட கிளையிலோ பட்ட மரத்தின் மேல்பாதியிலோ நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணில் பட்ட மீனை ஒரு குறுகிய பாய்ச்சலில் நீர்மட்டத்திலேயே கவ்விக்கொண்டு திரும்பும். ஒரு மரத்தில் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன் அடிமரத்தோடு ஒட்டிய நிழலையும் பாருங்கள்.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் கரையை மட்டுமே காலையில் தேடுங்கள். எதிர்வெளிச்சத்தில் எல்லாக் கழுகுகளும் கறுப்பு. மூங்கில் தெப்பத்தில் செல்லும்போது நடு நீரில் போகாமல் கரைக்கு இணையாக, ஆனால் விலகி, மெதுவாகத் துடுப்பு போடச் சொல்லுங்கள். பறவை தலையை உயர்த்தி உங்களையே பார்க்கத் தொடங்கினால் அதுவே எல்லை. அதற்கு மேல் நெருங்கினால் பறந்துவிடும், அன்று காலை அந்தப் பக்கம் திரும்பாது.

நீரில் காலை விடாதீர்கள். இந்த நீர்த்தேக்கத்தில் முதலைகள் இருக்கின்றன.

9. பார்த்தது அதுதானா என்று உறுதி செய்தல்

தலையும் கழுத்தும் சாம்பல் நிறம், மார்பும் முதுகும் பழுப்பு, வயிறும் தொடைகளும் தூய வெள்ளை. இவற்றையெல்லாம்விட உறுதியான அடையாளம் வால்: வெள்ளை வால், அதன் நுனியில் அகன்ற கறுப்புப் பட்டை. பறந்து செல்லும்போது அந்தப் பட்டை தெரிந்துவிட்டால் ஐயமே வேண்டாம். இதன் நெருங்கிய உறவான சிறிய மீன்கழுகுக்கு வால் வெள்ளையாக இராது, சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும், உருவமும் சிறியது. அமர்ந்திருக்கும் பறவையின் வாலை இலை மறைத்திருந்தால், அது எழும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டுப் பெயர் எழுத வேண்டாம்.

புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் மூன்று பறவைகளில். குளிர்காலத்தில் வலசை வரும் விரால் அடிப்பானுக்கு வெள்ளைத் தலையில் கண்ணின் குறுக்கே கரும்பட்டை உண்டு. அது நீரின் மேல் உயரத்தில் நின்று சிறகடித்துக் கால்களை நீட்டி நீருக்குள் பாயும், மீன்கழுகு அப்படிச் செய்யாது. பாம்புக் கழுகு காட்டோரம் எங்கும் கிடைக்கும். அலகுக்கும் கண்ணுக்கும் இடையே பளிச்சென்ற மஞ்சளும் வயிற்றில் வெள்ளைப் புள்ளிகளும் அதைக் காட்டிக்கொடுக்கும், தவிர அது பறந்தபடியே கத்தும். செம்பருந்தின் இளம்பறவை பழுப்பாக இருந்து ஏமாற்றும், ஆனால் அது அளவில் மிகவும் சிறியது. மீன்கழுகின் இளம்பறவையும் கோடுகள் கொண்ட பழுப்புதான். அதைத் தனியாகப் பார்த்தால் படமெடுத்து அனுபவசாலியிடம் காட்டிய பிறகே உறுதி செய்வது நேர்மை.

மீன்கழுகு கிடைக்காத காலையும் உண்டு. அப்போது பாம்புத் தாரா, ஆற்று ஆலா, பெரிய அலகு மீன்கொத்தி, வெண்கழுத்து நாரை ஆகியவற்றைத் தேடலாம்.

10. கூட்டைக் கண்டுவிட்டால்

உயரமான மரத்தில் குச்சிகளால் ஆன பெரிய கூடு. கண்டால் அங்கே நிற்காமல் கடந்துவிடுங்கள், படம் எடுப்பதற்காகத் தெப்பத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்கவே கூடாது. உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய நிலையில் இருக்கும் பறவை இது. வழிகாட்டியிடம் சொன்னால் அவர் வனச்சரக அலுவலகத்தில் தெரிவித்துவிடுவார். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் போன்ற இணையதளங்களில் உங்கள் பட்டியலைப் பதிவேற்றும்போது பறவையைப் பதியுங்கள், கூடு இருக்கும் இடத்தை எழுதாதீர்கள், கூட்டின் படத்தையும் சேர்க்காதீர்கள்.

11. வெளியேறும் நாள்

காலைத் தெப்பம் முடிந்ததும் குடிலைக் காலிசெய்யச் சொல்வார்கள்; படகுக்கு முன்பே மூட்டை கட்டிவைத்துவிட்டால் கடைசி ஒரு மணி நேரத்தையும் நீர்க்கரையில் கழிக்கலாம். உங்கள் குப்பை முழுவதையும் திரும்பக் கொண்டுவாருங்கள். டாப்சிலிப்பில் நின்று சாப்பிட நினைப்பவர்கள், சேத்துமடைச் சாவடியை மாலை 6 மணிக்குள் கடக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்து நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

மூடல் அறிவிப்பால் உங்கள் முன்பதிவு ரத்தாகியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்பதா, வேறு தேதிக்கு மாற்றக் கேட்பதா என்று முதலில் முடிவு செய்துகொண்டு, முன்பதிவு எண்ணையும் பணம் செலுத்திய சான்றையும் இணைத்து எழுத்து வடிவில் அனுப்புங்கள். தேதி மாற்றிக் கேட்பதே பெரும்பாலும் சுலபமாக முடிகிறது; மாற்றும்போது அதே குடில்தானா என்பதைப் புதிய சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.